ஏர்கன் வைத்திருக்கலாமா? நைட் விஷனை வெளிநாட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி அம்பாசமுத்திரத்திலிருந்து: வீட்டில் ஏர்கன் வைத்துக்கொள்ளலாமா? பொழுதுபோக்காகச் செய்த நைட் விஷன் கருவியை துபாய் மச்சானுக்கு அனுப்பலாமா?

ஏர்கன் விஷயம் எளிது. குழல் துளை 4.5 மி.மீ.க்குள், ஆற்றல் 20 ஜூலுக்குள் என்றால் 2016 ஆயுத விதிகளின்படி லைசென்ஸ் வேண்டாம். அதைத் தாண்டினால் லைசென்ஸுக்குத் திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ்தான். ஆனால் வயலுக்கு வரும் பன்றியைச் சுட அது அனுமதி ஆகாது. அதற்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தனி. வீட்டு அருவாளுக்குப் பயம் வேண்டாம், விவசாயத்துக்கென்றே செய்த கருவியை 1959 ஆயுதச் சட்டம் ஆயுதமாக எண்ணுவதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு சண்டைக்குப் போனால் கதை வேறு!

சிக்கல் இரண்டாவதில்தான். இரவுப்பார்வைக் குழாய், வெப்பக் கேமரா போன்றவற்றில் பல 'ஸ்காமெட்' பட்டியலில் இருக்கின்றன. ராணுவத்துக்கும் பயன்படும் பொருள்களின் பட்டியல் அது. உங்கள் கருவியின் சென்சார் அதில் வந்தால், டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) அனுமதி இல்லாமல் பார்சல் போடக்கூடாது. மச்சானுக்கு ஓசியில் கொடுத்தாலும் ஏற்றுமதி ஏற்றுமதிதான். பலருக்குத் தெரியாத இன்னொன்று: கருவி இங்கேயே இருக்க, வரைபடத்தையும் மென்பொருளையும் மட்டும் மெயிலில் அனுப்பினாலும், அந்தத் தொழில்நுட்பம் பட்டியலில் இருந்தால் அனுமதி தேவை. 2010-ல் வெளிநாட்டு வர்த்தகச் சட்டத்தைத் திருத்தி, தொழில்நுட்பத்தையும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். அதனால் முதலில் சென்சாரின் டேட்டா ஷீட்டை (தொழில்நுட்ப விவரத் தாளை) எடுத்துப் பட்டியலோடு ஒப்பிடுங்கள், கூரியர்காரர் அப்புறம்.