மச்சான் கேட்கும் ஐந்தாவது பேட்டரி

கேள்வி: சிங்கப்பூரில், ஈசூனில் வசிக்கிறேன். என் மனைவியின் அண்ணனுக்கு மலேசியாவில் கோத்தா திங்கி பக்கம் டுரியான் தோட்டம் இருக்கிறது. மின்கம்பி எட்டாத இடம். 400 வாட் சூரியத் தகடும், 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி) ஈய பேட்டரி இரண்டும் போட்டுக் கொடுத்தேன். ராத்திரி இரண்டு கூரை விசிறிக்குப் பத்தவில்லை என்றார். இரண்டு முறை ஒவ்வொரு பேட்டரி சேர்த்தேன். எல்லாம் கடன்பற்று அட்டையில். பாக்கி 4,200 வெள்ளி, மாதம் 130 கட்டுகிறேன். இப்போது 1,900 வெள்ளியில் லித்தியம் பேட்டரி கேட்கிறார். கடையில் 12 மாத வட்டியில்லாத் தவணை உண்டாம். நிரந்தர வைப்பில் 5,000 இருக்கிறது, 2 விழுக்காடு வட்டி. அதைத் தொட மனமில்லை. மனைவிக்கு முழுக் கணக்கு தெரியாது. வாங்கலாமா?

பதில்: வேண்டாம். மச்சான் கேட்டதும் அட்டையை நீட்டிவிட்டு, குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிவருகிறீர்கள். உங்களைக் கரைப்பது அந்தப் பழக்கம்தான்.

அட்டை வட்டி ஆண்டுக்கு 26 விழுக்காடு என்றே வையுங்கள். 4,200க்கு மாதம் சுமார் 91 வெள்ளி. நீங்கள் கட்டும் 130இல் அசலுக்குப் போவது 39தான். ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் வட்டி கொடுத்துவிட்டு, வைப்பிலிருந்து 100 வெள்ளி வாங்குகிறீர்கள். அந்தச் சேமிப்பு உங்களைக் காப்பாற்றவில்லை. இந்த வாரமே வைப்பை உடைத்து அட்டைப் பாக்கியை முழுதாக அடைத்துவிடுங்கள். முன்கூட்டியே எடுப்பதால் வைப்பு வட்டி போனாலும் போகட்டும். கையில் 800 மிஞ்சும். மாதம் 130ஐ அதிலேயே போட்டு வந்தால் ஓராண்டில் 2,360 ஆகிவிடும்.

வட்டியில்லாத் தவணை என்ற பேச்சு எனக்குப் பிடிப்பதே இல்லை. மாதம் 158 வெள்ளி உங்கள் அட்டைக் கணக்கில்தான் ஏறும். பில்லை முழுதாகக் கட்டாதவருக்கு அதற்கும் வட்டி ஓட ஆரம்பித்துவிடும்.

சரி, பேட்டரிக்கு வருவோம். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். 400 வாட் தகடு, நாளுக்கு 4 மணி நேர நல்ல வெயில் என்றால் 1.6 யூனிட் (கிலோவாட்-மணி), வழியில் போகும் இழப்பைக் கழித்தால் 1.2, 1.3 தேறும். ஈய பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது. 12 வோல்ட்டை 100ஆல் பெருக்கினால் ஒரு பேட்டரியில் 1.2 யூனிட், முதல் இரண்டிலும் சேர்த்து 2.4; அதில் பாதியே 1.2 யூனிட் தரும். ஆக, தகடு தருவதை அவையே வாங்கிக்கொள்ளும். பிறகு சேர்த்த இரண்டும் முழுதாக நிரம்ப வழியே இல்லை. ஈய பேட்டரி அரைகுறையாகவே கிடந்தால் உள்ளே சல்ஃபேட் படிந்து கெட்டுப்போகும். பழையதோடு புதியதைச் சேர்த்தால் பழையது புதியதையும் இழுத்துக்கொண்டு போகும். இரண்டு பேட்டரிக்கும் கொடுத்த காசு அப்படித்தான் போயிருக்கிறது.

லித்தியம் மோசமான பொருள் இல்லை. ஆழமாக இறக்கலாம், நீண்ட நாள் உழைக்கும். ஆனால் அதையும் அதே தகடுதான் நிரப்ப வேண்டும். ஈய பேட்டரிகளோடு அப்படியே இணைக்கவும் முடியாது, சார்ஜ் ஆகும் வோல்டேஜே வேறு.

அங்கே பழைய கூரை விசிறிகள்தானே ஓடுகின்றன? 70 வாட் விசிறி இரண்டு, 8 மணி நேரம்: 1.1 யூனிட். அன்றைய வெயில் முழுவதும் விசிறிக்கே சரியாகிவிடுகிறது. பேட்டரி மின்சாரத்தில் நேராக ஓடும் 30 வாட் டிசி விசிறியாக மாற்றினால் அரை யூனிட் போதும். இந்த மிச்சமே ஒரு பேட்டரிக்குச் சமம். அதற்கும் பத்தாவிட்டால் இன்னொரு தகடும், அதைத் தாங்கும் சார்ஜ் கன்ட்ரோலரும் (தகட்டிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) போடலாம். டுரியான் சீசன் பணம் வரும்போது மச்சானே வாங்கட்டும். தோட்டம் அவருடையது.

மனைவியிடம் இன்றைக்கே முழுக் கணக்கையும் சொல்லிவிடுங்கள். அண்ணனிடம் "இனி அட்டை கிடையாது" என்று நீங்கள் சொல்வதைவிட மனைவி சொன்னால் மனக்கசப்பு குறையும். கடன் அவருக்கும் தெரிந்த பிறகு நீங்கள் தனியாகச் சுமக்க வேண்டியதும் இல்லை.

மச்சானிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: ஒரு வாரம் தினமும் மாலை 5 மணிக்கு, கன்ட்ரோலர் பேட்டரி நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறதா என்று எழுதி வைக்கட்டும். ஏழு நாளில் ஒரு நாள்கூட நிறையவில்லை என்றால், அந்தத் தாளையே காட்டி லித்தியம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.