தெர்பையிலிருந்து திரும்பிய வழி

அன்புள்ள ஐயாவுக்கு,

ஸ்தோத்திரம். தினமும் காலையில் ஒரு அதிகாரம் வாசித்து, நான்கு வரி தியானக் குறிப்பு எழுதுவது என் வழக்கம். சுவிசேஷங்களில் இது நன்றாகவே போனது. அப்போஸ்தலர் நடபடிகளில் 13, 14ஆம் அதிகாரங்களுக்கு வந்ததும் நின்றுவிட்டேன். செலூக்கியா, சாலமி, பாப்போ, பெர்கே, இக்கோனியா என்று ஊர்ப்பெயர்களாகவே வருகின்றன. இரண்டு வாரமாக நோட்டில் ஒன்றும் எழுதவில்லை. இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாமா? வரைபடத்தை வைத்துக்கொண்டு வாசி என்று ஒருவர் சொன்னார். அது தியானமா, பூகோளப் பாடமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

தாண்ட வேண்டாம். நோட்டு காலியாகக் கிடப்பதைப் பற்றிக் கவலையும் வேண்டாம். வரைபடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 14ஆம் அதிகாரம் 21ஆம் வசனத்துக்கு நேராகப் போவோம்.

அதற்கு முன் நடந்தவை உங்களுக்குத் தெரிந்தவைதான். நற்செய்தி சொல்லி ஊர் ஊராகப் போன பவுலையும் பர்னபாவையும் பிசீதியாவின் அந்தியோகியாவில் எல்லைக்கு வெளியே துரத்தினார்கள். இக்கோனியாவில் கல்லெறிய ஏற்பாடு நடந்தது, தப்பிப் போனார்கள். லீஸ்திராவில் கல் விழுந்தே விட்டது. ஜனங்களைத் தூண்டிவிட்டவர்கள் அந்தியோகியாவிலிருந்தும் இக்கோனியாவிலிருந்தும் வந்தவர்கள். அந்தியோகியாவுக்கும் லீஸ்திராவுக்கும் நேர்கோட்டில் அளந்தாலே நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். அத்தனை தூரம் ஓயாமல் துரத்தி வந்த கோபம் அது. செத்துவிட்டார் என்று நினைத்துப் பவுலை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். மறுநாள் அவர் பர்னபாவோடு தெர்பைக்குப் புறப்படுகிறார்.

இப்போது தெர்பையில் விரலை வையுங்கள். நெடுங்காலம் அந்த ஊர் எங்கே இருந்தது என்பதே தெளிவாகத் தெரியாமல் இருந்தது. 1956இல் ஒரு கல்வெட்டு கிடைத்த பிறகுதான் இன்றைய துருக்கியில், கராமான் நகருக்கு அருகே உள்ள மண்மேட்டுப் பக்கம் என்று புரிந்தது. அங்கிருந்து கிழக்கே போனால் டாரஸ் மலைத்தொடரில் சிலிசியக் கணவாய் வரும். அதைக் கடந்து இறங்கினால் தர்சு, பவுலின் சொந்த ஊர். தர்சுவிலிருந்து சீரியாவின் அந்தியோகியா (அதே பெயருள்ள வேறு ஊர்) அதிக தூரமில்லை. இவர்களை ஜெபித்து அனுப்பிய சபை இருந்தது அங்கேதான்.

பயணம் தொடங்கியது சீப்புரு (சைப்ரஸ்) தீவில், பர்னபாவின் சொந்த மண்ணில். முடிவில் பவுலின் ஊர் வழியாக வீடு போய்ச் சேர்ந்திருக்கலாம். உடம்பெல்லாம் காயத்தோடு இருக்கிற மனிதர் அப்படிப் போயிருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்கள்?

ஆனால் நடபடிகளை எழுதிய லூக்கா சொல்வது என்ன? லீஸ்திராவுக்கும் இக்கோனியாவுக்கும் (பிசீதியாவின்) அந்தியோகியாவுக்கும் 'திரும்பிவந்து'. அடித்த ஊர், அடிக்கத் திட்டமிட்ட ஊர், துரத்திய ஊர், இந்த வரிசையில். வரைபடத்தில் விரல் மேற்கே திரும்பும்போதுதான் இந்தச் சொல்லின் கனம் தெரிகிறது. பல வருடம் இந்த வசனத்தை நானும் ஓட்டமாக வாசித்துக் கடந்திருக்கிறேன். அந்தியோகியாவில் பவுல் செய்த பிரசங்கத்தை 13ஆம் அதிகாரத்தில் விரிவாக எழுதிய லூக்கா, இந்தத் திரும்பும் பயணத்தை இரண்டு மூன்று வசனங்களில் முடித்துவிடுகிறார். அதனால்தான் நம் கண்ணில் படுவதில்லை.

ஏன் திரும்பினார்கள்? காரணத்தை 22, 23ஆம் வசனங்களே சொல்கின்றன: சீஷருடைய மனதைத் திடப்படுத்த, சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்த. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இந்தச் சபைகள் பிறந்து அதிக காலம் ஆகவில்லை. புதிய ஏற்பாடு என்ற நூல் இன்னும் கிடையாது. நற்செய்தி சொன்னவர்கள் அடிபட்டு ஓடியதைக் கண்ணால் பார்த்தவர்கள் இவர்கள். இவர்களை அப்படியே விட்டுவிட்டுப் போக அந்த இருவருக்கும் மனம் வரவில்லை. திரும்பி வந்தபோது அந்த மூன்று ஊர்களிலும் வெளிப்படையான பிரசங்கம் எதையும் லூக்கா குறிக்கவில்லை. உபவாசம், ஜெபம், புத்திமதி, அவ்வளவுதான். பல உபத்திரவங்களின் வழியாகத்தான் தேவனுடைய ராஜ்யத்துக்குள் போக வேண்டும் என்று லீஸ்திராவில் பவுல் சொன்னபோது, கேட்டவர்கள் அவர் முகத்தில் ஆறியும் ஆறாமலும் இருந்த தழும்புகளைப் பார்த்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன். அந்த ஊரில்தான் பின்னாளில், பவுலின் உடன் ஊழியராகப் போகிற தீமோத்தேயுவைப் பற்றிச் சகோதரர்கள் நற்சாட்சி சொல்கிறார்கள். இந்த மூன்று ஊர்களின் பெயரையும் பவுல் கடைசிவரை மறக்கவில்லை. 2 தீமோத்தேயு 3:11ஐப் பாருங்கள்.

இது பூகோளமா, தியானமா என்று நீங்களே சொல்லுங்கள். எனக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. அந்த மனிதர்கள் காலால் நடந்த விசுவாசம் இது. தூரம் தெரியாவிட்டால் அவர்கள் கொடுத்த விலையும் தெரியாது.

உங்கள் நான்கு வரிப் பழக்கம் நல்லதுதான், விட்டுவிடாதீர்கள். ஆனால் 'இன்றைக்கு எனக்கு என்ன' என்ற கேள்வியை வாசித்த உடனேயே கேட்பதுதான் இங்கே தடையாகிறது என்று நினைக்கிறேன். அப்படிக் கேட்டால் பவுலும் பர்னபாவும் நமக்கு உதாரணமாகிவிடுகிறார்கள், மனிதர்களாகத் தெரிவதில்லை. ஒரு அதிகாரத்தை ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. 14ஆம் அதிகாரத்தோடு ஒரு வாரம் இருங்கள். ஒரு நாள் யார் எங்கே போகிறார்கள் என்று மட்டும் எழுதுங்கள். இன்னொரு நாள் வினைச்சொற்களை மட்டும் எழுதுங்கள்: துரத்தினார்கள், எறிந்தார்கள், எழுந்தான், திரும்பிவந்தார்கள். ஜெபிக்க அதுவே போதுமானதாக இருக்கும் நாட்களும் உண்டு.

அப்புறம், 25ஆம் வசனத்தில் பெர்கே மறுபடி வருகிறது, கவனியுங்கள். போகும்போது அங்கே பிரசங்கித்ததாக ஒரு வரிகூட இல்லை. உதவிக்கு உடன் வந்த யோவான் மாற்கு அவர்களை விட்டுப் பிரிந்து எருசலேமுக்குப் போனது மட்டும்தான் 13:13இல் இருக்கிறது. திரும்பும்போது அதே பெர்கேயில் வசனத்தைப் பிரசங்கித்துவிட்டுத்தான் அத்தாலியா துறைமுகத்துக்கு இறங்குகிறார்கள். அந்த ஊரில் இரண்டு நாள் தங்கி வாசியுங்கள். என்ன எழுதினீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.