சுருங்கிய இரைப்பையும் பழைய அடுக்களையும்: வாசகர் கேள்வி – பதில்

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமிருந்தும் அவர்களுடைய வீட்டாரிடமிருந்தும் வந்த கடிதங்களை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்கள் எல்லோரும் தமிழக–கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வசிப்பவர்கள். சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது ஒவ்வொருவர் கையிலும் ஆங்கிலத்தில் அச்சடித்த ஓர் உணவுத் தாள் இருக்கிறது. அதில் எழுதியிருப்பதற்கும் நம் அடுக்களையில் கொதிப்பதற்கும் நடுவே ஏற்படும் தடுமாற்றமே பெரும்பாலான கடிதங்களில் தெரிகிறது.

என் கணவருக்கு வயது 46. எடை 128 கிலோ இருந்தது, சர்க்கரையும் உண்டு. ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்து இன்றோடு 18 நாட்கள் ஆகின்றன. மருத்துவமனைத் தாளில் ஓட்ஸ், புரோக்கோலி சூப் என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் கஞ்சியும் பயறும் மீனும்தான். என் மாமியார் மூன்று வேளையும் சம்பா அரிசிக் கஞ்சி கொடுக்கிறார். கணவர் நான்கு கரண்டி குடித்ததும் போதும் என்கிறார். “சோறு இறங்காமல் உடம்பு எப்படித் தேறும்?” என்று மாமியார் கண் கலங்குகிறார். எதை, எவ்வளவு கொடுப்பது?
— வாசகி, மேல்புறம்

சகோதரி, நான்கு கரண்டியில் போதும் என்று உங்கள் கணவர் சொல்வது சரியானதே. அதை உங்கள் மாமியாருக்கு முதலில் விளங்கவைக்க வேண்டும். ஸ்லீவ் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேற்பட்ட பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது ஒல்லியான வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். அது 100 முதல் 150 மில்லி வரையே கொள்ளும். டீக்கடைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் எவ்வளவு என்று தெரியும். அதோடு, 1999-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின் என்னும் பசி ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேற்பகுதியும் வெட்டிய பங்கோடு போய்விடுகிறது. ஆகவே இந்த நாட்களில் அவருக்குப் பசியே எடுக்காமல் இருக்கலாம். அதை நோயாகவோ, வீட்டுச் சாப்பாட்டின் மேல் வந்த வெறுப்பாகவோ யாரும் நினைக்க வேண்டாம்.

என் கவலை வேறு. இறங்குகிற நான்கு கரண்டியும் கஞ்சியாகவே இருந்தால் உள்ளே போவது மாவுச்சத்தும் தண்ணீரும்தான். இந்தக் காலத்தில் உடம்பு கொழுப்பை மட்டுமல்லாமல் தசையையும் சேர்த்துக் கரைக்கும். அதைத் தடுப்பதற்கு நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் வரை புரதம் வேண்டும். எனவே மாமியாரிடம் ஒன்றே ஒன்றை மாற்றச் சொல்லுங்கள்: கஞ்சியில் கொஞ்சம் பயறு என்பது போய், பயற்றில் கொஞ்சம் கஞ்சி என்று இருக்கட்டும்.

பொதுவாக முதல் ஓரிரு நாட்கள் தெளிந்த நீராகாரம், இரண்டாம் வாரம் முடியும்வரை பால், மோர், வடிகட்டிய பருப்புநீர் போன்றவை, மூன்றாம் நான்காம் வாரங்களில் மசித்த கூழ்ப்பதம், ஐந்தாம் ஆறாம் வாரங்களில் விரலால் நசுங்கும் மென்மையான உணவு, இரண்டு மாதத்தை ஒட்டிச் சாதாரண உணவு என்று படிப்படியாகப் போவார்கள். உங்கள் மருத்துவர் தந்த தாளில் நாள்கணக்கு மாறியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கணக்குப்படி அவர் இப்போது கூழ்ப்பதத்தில் இருக்கிறார். தோல் நீக்கிய சிறுபயற்றைக் குழைய வேகவைத்து, மசித்து, ஒரு கரண்டி கஞ்சி சேர்த்துக் கொடுக்கலாம். அவித்த முட்டையைத் தயிர் விட்டு நன்றாகப் பிசைந்து கொடுக்கலாம். மீனுக்குப் புளிமுளம் என்னும் நம் மீன்குழம்பே போதும். மிளகாயைப் பாதிக்கும் கீழே குறைத்து, நெய்மீன் அல்லது பாரைத் துண்டை வேகவைத்து, முள்ளை எடுத்த பிறகும் ஒருமுறை விரலால் நசுக்கிப் பார்த்து, இரண்டு கரண்டி குழம்போடு மிக்சியில் ஒரு சுற்றுச் சுற்றினால் கூழாகிவிடும். புரோக்கோலியைத் தேடி நீங்கள் திருவனந்தபுரம் வரை போக வேண்டியதில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 50 கிராம் மீனில் ஏறத்தாழ 10 கிராம் புரதம் உண்டு, ஒரு முட்டையில் 6 கிராம், 100 மில்லி பாலிலோ தயிரிலோ 3 கிராமுக்குச் சற்று மேல், 25 கிராம் சிறுபயற்றில் 6 கிராம். இரண்டு வேளை மீன், இரண்டு முட்டை, ஒரு கைப்பிடிப் பயறு, பாலும் தயிருமாக அரை லிட்டர் என்று போட்டால் 54 கிராமைத் தொடும். பதினெட்டாம் நாளில் இவ்வளவும் இறங்காது. குறைவதைப் புரதப் பொடி ஈடுகட்ட வேண்டும். அதனால்தான் அதை எழுதித் தந்திருக்கிறார்கள். விலை அதிகம் என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள்.

மரச்சீனிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை மட்டும் சில மாதங்கள் தள்ளி வையுங்கள். நம் ஊரில் இதைச் சொல்வது கடினம்தான். ஆனால் 100 கிராம் கிழங்கில் புரதம் ஒன்றரை கிராமுக்கு மேல் தேறாது. மசித்தால் பசைபோல் ஒட்டிக்கொண்டு அந்தக் குறுகிய குழாயில் அடைத்துக்கொள்ளும். புட்டும் பரோட்டாவும் அப்படியே.

ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும். சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். முடித்து அரைமணி நேரம் கழித்துத் தொடங்கி, அடுத்த வேளைக்குள் மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டராவது சேர வேண்டும். அருமனைப் பக்கம் ஒரு வீட்டில் நான் கண்டதைச் சொல்கிறேன். மகனுக்கு அறுவை முடிந்த வாரம், அவருடைய தாய் இருமல் மருந்துக் குப்பியின் மூடியை வெந்நீரில் கழுவி எடுத்து, பத்து மில்லி கொள்ளும் அந்த மூடியால் தண்ணீரை அளந்து கொடுத்து, ஒவ்வொரு மூடிக்கும் கிழித்த நாட்காட்டித் தாளின் பின்புறம் ஒரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். மாலையில் கோடுகளை எண்ணிக் கூட்டினார். ஊட்ட முடியாமல் தவித்த அந்த அம்மாவுக்கு அளப்பது ஒரு வேலையாக அமைந்தது. உங்கள் மாமியாரிடமும் இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

சாப்பிடும்போது விக்கல் வந்தாலோ, மூக்கு ஒழுகினாலோ, நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம் தெரிந்தாலோ அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். கிண்ணத்தில் மிஞ்சியது வீணாகிறதே என்று இன்னொரு வாய் ஊட்டக் கூடாது. இன்னொன்று: அவருடைய சர்க்கரை மாத்திரை பழைய அளவிலேயே தொடர்கிறதா என்று உடனே மருத்துவரிடம் கேளுங்கள். உணவு இவ்வளவு குறைந்த நிலையில் இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ பழைய அளவில் போனால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

என் தம்பிக்கு அறுவை முடிந்து ஏழு வாரங்கள் ஆகின்றன. இரண்டு வாரமாக எதைச் சாப்பிட்டாலும் வாந்தி. இப்போது எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்கிறான், நடக்கும்போது தள்ளாடுகிறான். பலவீனம் என்று நினைத்துப் பக்கத்திலுள்ள கிளினிக்கில் குளுக்கோஸ் ஏற்றினோம்.
— வாசகர், வெள்ளறடை

இந்தக் கடிதத்தைப் படித்த அன்றே இவரைத் தொலைபேசியில் அழைத்து, தம்பியை உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டேன். மற்றவர்களும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காக இங்கே எழுதுகிறேன். வைட்டமின் பி1, அதாவது தயமின், உடம்பில் சில வாரங்களுக்கு வேண்டிய அளவே இருப்பில் இருக்கும். தொடர்ந்து வாந்தி எடுப்பவருக்கு அது தீர்ந்துபோனால் இரட்டைப் பார்வை, தள்ளாட்டம், மனக்குழப்பம் வரும். தாமதித்தால் மூளையில் நிலையான சேதம் ஏற்படும். இந்த நிலையில் தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், மிஞ்சியிருக்கும் தயமினையும் அது செலவழித்து நிலைமையை மோசமாக்கும். எடைக்குறைப்பு அறுவை செய்தவர் என்பதை எந்த மருத்துவரிடம் போனாலும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வாந்தி இரண்டு மூன்று நாட்களுக்கு மேல் நீடித்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். முதல் வாரங்களில் காய்ச்சல், படபடப்பு, கடும் வயிற்றுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கே அன்றைக்கே திரும்பிப் போக வேண்டும்.

எனக்கு கேஸ்ட்ரிக் பைபாஸ் செய்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. ஓணத்துக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். இலையில் சோற்றைத் தொடவே இல்லை. போளியும் பால்பாயசமும் கொஞ்சம், அடைப்பிரதமன் அரைக் கிண்ணம் மட்டும் சாப்பிட்டேன். கால்மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, வயிற்றைப் பிடித்து இழுத்து, பேதியும் ஆனது. மாரடைப்பு என்று பயந்துபோனோம். பாயசம் கெட்டிருந்ததா?
— வாசகி, பாறசாலை

பாயசம் கெட்டிருக்கவில்லை, அம்மா. பைபாஸ் சிகிச்சையில் இரைப்பையின் மேல்முனையில் ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் ஒரு சிறு பையை உண்டாக்கி, அதை நேரே சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைத்துவிடுகிறார்கள். உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடலுக்குள் விடும் வாசல் அங்கே இல்லை. சர்க்கரை மிகுந்த உணவு ஒரே பாய்ச்சலில் குடலில் போய் விழும்போது உடம்பிலுள்ள நீர் குடலுக்குள் இழுக்கப்பட்டு நீங்கள் சொன்ன அத்தனையும் நேர்கின்றன. இதை டம்பிங் என்பார்கள். சாப்பிட்ட 10 முதல் 30 நிமிடத்துக்குள் வருவது ஒரு வகை. ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து இன்சுலின் அதிகமாகச் சுரந்து, சர்க்கரை இறங்கி, கை நடுங்குவது இன்னொரு வகை. வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த அடைப்பிரதமன், மைதாவில் செய்த போளி ஆகிய இரண்டும் வெறும் வயிற்றில் முதலில் போயிருக்கின்றன. மறுபடி இப்படி வந்தால் படுத்து ஓய்வெடுங்கள். நெஞ்சுவலி தனியாகவோ இனிப்பு உண்ணாத நேரத்திலோ வந்தால் டம்பிங் என்று நீங்களே முடிவு கட்டாமல் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த ஓணத்துக்கு இலையில் பரிமாறிய பருப்பையும் அவியலையும் முதலில் மென்று சாப்பிடுங்கள். பாயசம் வேண்டுமென்றால், ஆண்டு நிறைவுக்குப் பிறகு ஒரு தேக்கரண்டி நாவில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் சாப்பாட்டின் கடைசியில்.

பைபாஸ் செய்து நான்கு மாதம். தலைமுடி கொத்தாகக் கொட்டுகிறது. இரும்பு, கால்சியம் மாத்திரைகளைக் காலையில் சேர்த்து விழுங்கிவிடுகிறேன். முழங்கால் வலிக்கு எப்போதும் போடும் வலி மாத்திரையையும் போடுகிறேன்.
— ஆசிரியை, கொல்லங்கோடு

வேகமாக எடை குறையும்போது மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை முடி கொட்டுவது வழக்கம். வேர் அழிவதில்லை, பெரும்பாலும் திரும்ப வளரும். ஆனால் புரதமும் இரும்பும் குறைந்திருந்தால் வளர்வது தாமதமாகும். மாதவிடாய் வரும் பெண்களுக்கு பைபாஸுக்குப் பிறகு நாளொன்றுக்கு 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது, ஏனெனில் இரும்பு மிகுதியாக உறிஞ்சப்படும் முன்சிறுகுடலைத் தாண்டியே உங்கள் உணவு போகிறது. கால்சியத்தோடு சேர்த்து விழுங்கினால் அந்த இரும்பும் சரியாக உடம்பில் சேராது. இரண்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரம் விடுங்கள். நாளுக்கு வேண்டிய 1,200 முதல் 1,500 மில்லிகிராம் கால்சியத்தை சிட்ரேட் வகையில், ஒரு தடவைக்கு 600-ஐத் தாண்டாமல் பிரித்து எடுங்கள். பள்ளிக்கூட நாட்களில் காலையில் இரும்பும், மதிய இடைவேளையில் ஒரு கால்சியமும், இரவில் இன்னொன்றும் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இரும்பை டீயோடு எடுக்காதீர்கள். பி12 மாத்திரையோ ஊசியோ வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டும். உடம்பு நன்றாக இருக்கிறது என்பதால் அதை நிறுத்த முடியாது.

புரூபென், டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகளை இன்றோடு நிறுத்துங்கள். பைபாஸ் இணைப்பில் அவை புண்ணை உண்டாக்கும். பாராசிட்டமால் போடலாமா என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று வாரமாக எடை குறையவே இல்லை. அறுவை வீணா?
— வாசகர், குலசேகரம்

இல்லை. அறுவை ஆன சில வாரங்களில் எடை ஓர் இடத்தில் நிற்பது பலருக்கும் நேர்கிறது, தானாகவே விலகும். ஆனால் மாலையில் முறுக்கும் ஏத்தங்காய் (நேந்திரங்காய்) வறுவலும் கொறிக்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அவை வாயிலேயே கரைந்து வழுக்கிக்கொண்டு இறங்கும். இரைப்பை நிறைந்ததே தெரியாது.

என் மகளுக்கு வயது 27. ஆறு மாதத்துக்கு முன் ஸ்லீவ் செய்து 31 கிலோ குறைந்தாள். தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாருக்கு இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்துவிடலாமா? விருந்தில் அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?
— ஒரு தாய், பனச்சமூடு

சொல்லிவிடுங்கள், அம்மா. இதை உணவியல் ஆலோசகராக மட்டும் சொல்லவில்லை. புதுப்பெண் மறுவீட்டில் இரண்டு கரண்டி சாப்பிட்டு எழுந்தால், “எங்கள் கை உணவு பிடிக்கவில்லையோ?” என்று மாமியார் வருந்துவார், அந்த வருத்தத்துக்கு அஞ்சி அவள் மூன்றாவது கரண்டியை விழுங்கிவிட்டுப் பின்கட்டில் போய் வாந்தி எடுப்பாள். அப்படி எடுத்த இரண்டு பெண்களை நான் அறிவேன். அதைவிட முக்கியமானது, அறுவைக்குப் பிறகு 12 முதல் 18 மாதம் வரை கருத்தரிக்காமல் இருப்பது நல்லது. எடை வேகமாகக் குறையும் காலத்தில் குழந்தைக்கு வேண்டிய சத்துகள் தாயின் உடம்பில் போதிய அளவில் இருக்காது. எடை குறைந்ததும் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதால், தடுப்பு முறை பற்றி மகப்பேறு மருத்துவரிடம் திருமணத்துக்கு முன்பே பேசிவிட வேண்டும். “விசேஷம் உண்டா?” என்று ஊர் கேட்கத் தொடங்கும் முன் மாப்பிள்ளைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மகளே அவரிடம் நேரில் சொல்லட்டும், பெரியவர்களிடம் நீங்கள் சொல்லுங்கள்.

கல்யாணத்தன்று பந்தி வரை அவளைக் காத்திருக்க வைக்காதீர்கள். முகூர்த்தத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்பு, அலங்காரம் தொடங்கும்போதே, ஓர் அவித்த முட்டையும் கொஞ்சம் கட்டித் தயிரும் கொடுத்துவிடுங்கள். முட்டை ஆகாத நாள் என்றால் பனீர் ஆகட்டும். அரைமணி கழித்துத் தண்ணீர்ப் போத்தலைத் தோழி கையில் கொடுத்து வையுங்கள். பால் பழம் கொடுக்கும் சடங்கில் இனிப்பைக் குறைக்கச் சொல்லுங்கள். ஒரு மடக்கு குடித்துவிட்டு மீதியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடலாம்.