மகள் ஓட்டுக் கேட்கிறார், நிறுத்தச் சொல்லலாமா?

கேள்வி: முன்சீப் கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்து, சிரஸ்தாராக (கோர்ட்டின் தலைமை எழுத்தராக) ஓய்வு பெற்றவன் நான். என் மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டனுக்குப் பக்கத்து கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) வழக்கறிஞர். குடும்ப வழக்குகள் பார்க்கிறாள். இப்போது அங்கே மாவட்ட நீதிமன்ற நீதிபதி பதவிக்கு, அதுவும் ஒரு கட்சியின் பெயரில், தேர்தலில் நிற்கிறாள். சனி, ஞாயிறுகளில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கிறாளாம். ஒரு வீட்டில், "விவாகரத்து வழக்கு வந்தால் பிள்ளையை அப்பாவிடம் கொடுப்பீர்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். "அதற்கு நான் பதில் சொல்லக் கூடாது" என்று சொல்லிவிட்டு வந்தாளாம். பதில் சொல்லக் கூடாதென்றால் எதற்காகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும்? நான் பார்த்த நீதிபதிகள் உள்ளூர்க் கல்யாணத்துக்குப் போகவே யோசிப்பார்கள். இது வேண்டாம், நிறுத்திக்கொள் என்று சொல்லலாமா? என் மனைவியோ, ஓய்வுப் பணத்திலிருந்து ஐந்து லட்சம் அனுப்பலாம், பேரனைப் பார்த்துக்கொள்ள நாமும் போகலாம் என்கிறாள்.
பெயர் வேண்டாம், தஞ்சாவூர்.

பதில்: ஐயா, முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அனுப்பாதீர்கள். அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இல்லாத வெளிநாட்டவர், அந்த நாட்டின் எந்தத் தேர்தலுக்கும் ஒரு டாலர்கூடக் கொடுக்கக் கூடாது என்பது அங்கே மத்திய அரசின் சட்டம். ஜனாதிபதி தேர்தலுக்கு மட்டுமல்ல, கவுண்டி அளவிலான தேர்தலுக்கும் அது பொருந்தும். கொடுப்பது குற்றம், வெளிநாட்டுப் பணம் என்று தெரிந்து வாங்குவதும் குற்றம். மருமகன் கணக்கில் போட்டு அவர் பெயரில் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் அது இன்னும் மோசம், ஏனென்றால் அடுத்தவர் பெயரில் நன்கொடை தருவது தனிக் குற்றம். அம்மா ஆசையாக அனுப்பிய பணம்தான் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் நிலைமை, நீதிபதியாக நிற்பவருக்கு வரவே கூடாது. தேர்தல் முடியும் வரை "வீட்டுச் செலவுக்கு" என்றுகூடப் பெரிய தொகை எதுவும் போக வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் மனைவியிடம் இதை இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

சரி, இனி உங்கள் மனக்குறை. நிறுத்தச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்வேன். ஆனால் உங்கள் சங்கடத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

நம் ஊரில் சிவில் நீதிபதி ஆக வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. தேர்வு எழுத வேண்டும். மாவட்ட நீதிபதியை, உயர் நீதிமன்றத்தைக் கலந்துகொண்டு ஆளுநர் நியமிக்கிறார். வக்கீலாக இருந்து நேரடியாக அந்தப் பதவிக்கு வர ஏழு ஆண்டு தொழில் அனுபவம் வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 233ஆம் பிரிவு சொல்கிறது. டெக்சாஸில் பரீட்சையும் கிடையாது, நியமனக் குழுவும் கிடையாது. எட்டு ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் இருக்க வேண்டும் (முன்பு நான்காக இருந்ததை 2021இல் மக்கள் வாக்களித்து எட்டாக்கினார்கள்), அந்தப் பகுதியில் குடியிருக்க வேண்டும், குடியுரிமை வேண்டும். அப்புறம் வாக்காளர்தான். இடையில் ஒரு நீதிபதி விலகினால் ஆளுநர் ஒருவரை நியமிப்பார், அவரும் அடுத்த தேர்தலில் மக்களிடம்தான் வந்து நிற்க வேண்டும். பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அந்த நாற்காலிக்குப் போகிற சாதாரண வழி அங்கே இதுதான். உங்கள் மகள் குறுக்கு வழியில் போகவில்லை.

இந்த முறை எப்படி வந்தது என்று தெரிந்தால் உங்களுக்குக் கொஞ்சம் சமாதானம் ஆகலாம். ஆரம்பத்தில் அங்கேயும் மாநில நீதிபதிகளை ஆளுநரும் சட்டமன்றமும்தான் நியமித்தார்கள். பதவி வேண்டியவர்களுக்கே போகிறது, நியமித்தவர் சொல்லை நீதிபதியால் மீற முடியவில்லை என்று மக்களுக்குக் கோபம். 1832இல் மிசிசிப்பி தன் நீதிபதிகள் எல்லோரையும் தேர்தலுக்குக் கொண்டுவந்தது. 1846இல் நியூயார்க் அதே வழிக்கு வந்தது, பிறகு மாநிலம் மாநிலமாகப் பரவியது. ஆக, நீதிபதியை அரசியல்வாதியின் கையிலிருந்து மீட்பதற்காகத்தான் தேர்தலைக் கொண்டுவந்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றம் உள்ளிட்ட மத்திய நீதிமன்றங்களுக்கு இன்றைக்கும் நியமனம்தான். மாநில நீதிமன்றங்களில்தான் ஓட்டு.

இப்போது நீங்கள் குறையாகச் சொன்ன அந்த வீட்டுச் சம்பவத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்த இடம் அதுதான்.

பிள்ளையை அப்பாவிடம் கொடுப்பீர்களா என்று ஒருவர் வாசலில் நின்று கேட்கிறார். அவர் வீட்டில் அப்படி ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். "அப்பாக்களுக்கும் உரிமை உண்டு சார், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த ஓட்டு நிச்சயம். அந்த வீட்டு ஓட்டு மட்டுமல்ல, அவர் நண்பர்கள் நான்கு பேர் ஓட்டும் சேர்ந்து வந்திருக்கும். உங்கள் மகள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. டெக்சாஸ் நீதிபதிகளுக்கான நடத்தை விதிகளில் ஐந்தாவது விதி இதைத்தான் சொல்கிறது: குறிப்பிட்ட வகை வழக்குகளில் எப்படித் தீர்ப்பளிப்பேன் என்று வேட்பாளர் வாக்குறுதி தரக் கூடாது. இன்னும் நீதிபதி ஆகாத வழக்கறிஞர் நின்றாலும் அந்த விதி அவரைக் கட்டுப்படுத்தும், மீறினால் வக்கீல் தொழிலுக்கான ஒழுங்கு நடவடிக்கை வரும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 2002இல் மினசோட்டா மாநில வழக்கு ஒன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சர்ச்சைக்குரிய சட்டப் பிரச்சினைகளில் தன் பொதுவான கருத்தைச் சொல்ல நீதிபதி வேட்பாளருக்கு உரிமை உண்டு என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. கருத்துச் சொல்லலாம், வாக்குறுதி தரக் கூடாது. இரண்டுக்கும் நடுவில் உள்ள கோடு தலைமுடி அகலம்தான். அந்தக் கோட்டின் பக்கமே போகாமல் உங்கள் மகள் திரும்பியிருக்கிறார். வழக்குக் கட்டு மேசைக்கு வருமுன் தீர்ப்பு எழுதாத நீதிபதியைத்தானே நீங்கள் பணிக்காலம் முழுக்க மதித்தீர்கள்? கதவைத் தட்டி என்ன பேசுவது என்று கேட்டிருக்கிறீர்கள். தான் யார், எத்தனை வருடம் எந்த மாதிரி வழக்கு நடத்தினார், வாய்தா மேல் வாய்தா கொடுக்காமல் எப்படி கோர்ட்டை நடத்துவார், வக்கீல் வைக்க முடியாமல் தானே வந்து நிற்பவரை எப்படி நடத்துவார் என்று தாராளமாகப் பேசலாம். ஒரு நீதிபதியிடம் நம் ஜனங்களும் எதிர்பார்ப்பது பெரும்பாலும் இதைத்தான்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. தேர்தல் செலவுக்கான பணம்.

தபால் அட்டை, பலகை, விளம்பரம் எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். மாவட்ட நீதிபதி தேர்தலுக்கு யார் பணம் தருவார்கள்? பொதுமக்களுக்கு அதில் அக்கறை குறைவு. அதே கோர்ட்டில் நாளைக்கு ஆஜராகப் போகும் வக்கீல்கள்தான் அதிகம் தருகிறார்கள். இந்த முறையில் எனக்குப் பிடிக்காத விஷயம் இது, மழுப்ப மாட்டேன். இதற்காகத்தான் 1995இல் டெக்சாஸ் தனிச் சட்டம் போட்டது. பகுதியின் மக்கள்தொகையைப் பொறுத்து, ஒரு நபர் ஒரு தேர்தலுக்கு ஆயிரம் முதல் ஐயாயிரம் டாலர் வரைதான் தரலாம். ஒரே சட்ட அலுவலகத்தைச் சேர்ந்தவர்கள் கூட்டாகக் கொட்டவும் வரம்பு உண்டு. பல மாநிலங்களில் வேட்பாளர் நேரடியாகப் பணம் கேட்கவே கூடாது, அதற்கென்று குழு வைக்க வேண்டும். புளோரிடாவில் ஒரு பெண் வேட்பாளர் தன் கையெழுத்தோடு நன்கொடைக் கடிதம் அனுப்பியதற்குக் கண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2015இல் அந்தத் தடை செல்லும் என்று தீர்ப்பானது.

பணம் கட்டுக்கடங்காமல் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு மேற்கு வர்ஜீனியா சாட்சி. ஒரு நிலக்கரி நிறுவனத்துக்கு எதிராக ஐந்து கோடி டாலர் இழப்பீட்டுத் தீர்ப்பு. மேல்முறையீடு போக வேண்டிய நேரத்தில் அந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்குத் தேர்தல். நிறுவனத் தலைவர் டான் பிளாங்கன்ஷிப், ப்ரென்ட் பெஞ்சமின் என்ற வேட்பாளர் வெல்வதற்காக சுமார் முப்பது லட்சம் டாலர் செலவழித்தார். பெஞ்சமின் வென்றார். அந்த வழக்கில் விலக மறுத்து உட்கார்ந்தார், இழப்பீடு ரத்தானது. 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அவர் விலகியிருக்க வேண்டும் என்று தீர்ப்பு சொன்னது. அதுவும் ஐந்துக்கு நான்கு! "நாட் பிஃபோர் மீ" (இந்த வழக்கு என் முன் வேண்டாம்) என்று எழுதிக் கட்டைத் திருப்பி அனுப்பும் நீதிபதிகளைப் பார்த்த உங்களுக்கு இதை நான் விளக்கவே வேண்டியதில்லை.

அதனால் மகளிடம் ஓட்டைப் பற்றிக் கேட்காதீர்கள், பணத்தைப் பற்றிக் கேளுங்கள். நன்கொடைப் பட்டியல் அங்கே பகிரங்கம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் உள்ள ஒரு பெயர் நாளைக்குத் தன் முன் வழக்கோடு வந்து நின்றால் என்ன செய்வார் என்று கேளுங்கள். வீட்டில் இதைக் கேட்கும் தகுதி உங்களுக்குத்தான் இருக்கிறது.

கட்சிப் பெயர் உங்களை உறுத்துகிறது என்று தெரிகிறது. என்னையும்தான். டெக்சாஸின் தலைமை நீதிபதியாக இருந்த வாலஸ் ஜெஃபர்சனும், அவருக்குப் பின் வந்த நேதன் ஹெக்டும், தாங்களே கட்சித் தேர்தலில் வென்றவர்களாக இருந்தும், இந்த முறை வேண்டாம் என்று வெளிப்படையாகப் பேசியவர்கள். ஹூஸ்டன் பக்கம் வாக்குச்சீட்டு அவ்வளவு நீளம், ஆளுநரில் தொடங்கிக் கீழே போகப் போக நீதிபதிகள் வரிசை வந்துகொண்டே இருக்கும். பெயர்கள் யாருக்கும் தெரியாது, பக்கத்தில் இருக்கும் கட்சிதான் தெரியும். 2018இல் ஹூஸ்டன் இருக்கும் ஹாரிஸ் கவுண்டியில் அலை ஒரு பக்கம் அடித்தபோது, நல்ல பெயர் எடுத்த நீதிபதிகளும் மற்றவர்களோடு சேர்ந்து வீட்டுக்குப் போனார்கள். ஒரே குத்தில் ஒரு கட்சிக்கே எல்லா ஓட்டும் போடும் வசதியை 2020 முதல் எடுத்துவிட்டார்கள், ஆனாலும் பழக்கம் போகவில்லை. ஆக, உங்கள் மகள் தோற்றாலும் அது அவருடைய தகுதிக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல, வென்றாலும் அல்ல. கட்சி இல்லாமல் நிற்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கட்சி சாராமல் நீதிபதித் தேர்தல் நடத்தும் மாநிலங்கள் இருக்கின்றன, டெக்சாஸ் அப்படி அல்ல. ஜெயிக்க நினைக்கிறவர் முதலில் கட்சிக்குள் நடக்கும் முதல்கட்டத் தேர்தலில் ஜெயித்தாக வேண்டும்.

நம் பெயரும் உச்சரிப்பும் எடுபடுமா என்ற கவலை உங்கள் மனைவிக்கு இருந்தால், ஹூஸ்டனை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் சுரேந்திரன் பட்டேல் வென்றதைச் சொல்லுங்கள். காசர்கோட்டுக்காரர், சின்ன வயதில் பீடி சுற்றியவர், 2007இல் அமெரிக்கா போனவர். உன் உச்சரிப்பைக் கேட்டு யார் ஓட்டுப் போடுவார்கள் என்று அவரிடம் சொன்னவர்கள் உண்டு. 2022இல், பதவியில் இருந்த நீதிபதியையே சொந்தக் கட்சியின் முதல்கட்டத் தேர்தலில் தோற்கடித்து, நவம்பரிலும் வென்று 240ஆவது மாவட்ட நீதிமன்றத்துக்குப் போனார். எப்போதும் இப்படி நடக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2006இல் லாஸ் ஏஞ்சலஸில் ஜின்ட்ரா ஜானவ்ஸ் என்ற அனுபவமுள்ள நீதிபதி, வழக்கறிஞர் சங்கம் தகுதியில்லை என்று மதிப்பிட்ட ஒருவரிடம் தோற்றார். அவர் லாட்வியாவில் பிறந்தவர், பெயர் வாக்காளர்களுக்கு அந்நியமாக இருந்ததுதான் காரணம் என்று பலரும் வருத்தப்பட்டார்கள். ஆளுநர் அவரைத் திரும்ப நியமித்தார்.

ஒன்று மட்டும் மகளோடு மனம்விட்டுப் பேசுங்கள். தோற்றால், மறுவாரமே கட்டைத் தூக்கிக்கொண்டு, தன்னை ஜெயித்தவர் முன்னால் நின்று வாதாட வேண்டியிருக்கும். கட்சிக்காரர்கள், அதாவது அவருடைய கிளையண்டுகள், அதனால் தயங்கலாம். தேர்தலுக்காகக் குறைத்துக்கொண்ட வழக்குகளைத் திரும்பப் பிடிக்க மாதங்கள் ஆகும். இதற்கெல்லாம் கணக்குப் போட்டுத்தான் இறங்கினாரா என்று கேட்பது அப்பாவின் வேலை. கேட்கிற குரலில் "நான்தான் அப்பவே சொன்னேனே" என்பது மட்டும் வந்துவிட வேண்டாம்.

போவதைப் பற்றி: போங்கள். சம்பளமில்லாமல் தொண்டராக உதவுவதை வெளிநாட்டவருக்கு, முதலில் சொன்ன அந்த நன்கொடைச் சட்டம் தடுக்கவில்லை, ஆனால் தேர்தல் பணம், திட்டம் இவற்றில் முடிவெடுக்கும் பேச்சில் நீங்கள் கலந்துகொள்ளக் கூடாது. உங்கள் விசாவுக்கு எது பொருந்தும் என்பதை மகளே பார்த்துச் சொல்லட்டும். என்னைக் கேட்டால், நோட்டீஸ் கொடுக்கும் வேலையைவிடப் பேரனுக்குச் சாப்பாடு கொடுத்துத் தூங்க வைப்பதுதான் அந்த வீட்டுக்கு இப்போது பெரிய உதவி. முதல்கட்டத் தேர்தல் மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, அதற்கு முந்தைய இரண்டு வாரங்களிலேயே முன்வாக்குப்பதிவு தொடங்கிவிடும். மகள் வீட்டில் தங்கவே நேரமிருக்காத நாட்கள் அவை. பிப்ரவரி தொடக்கத்தில் போய்ச் சேருகிற மாதிரி டிக்கெட் பாருங்கள்.