லெய்பாயூஸ்தோ என்னும் ஃபின்லாந்துப் பாலாடைக்கட்டியை விருந்தின் தொடக்கத்தில் பரிமாற எப்படி வாட்ட வேண்டும்?

ஃபின்லாந்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் கொடுத்த, தட்டையாகவும் மேலே தீப்பட்டதுபோன்ற பழுப்புப் புள்ளிகளோடும் இருக்கும் பாலாடைக்கட்டியைத் திடீரென வரும் விருந்தினருக்குச் சூடாகக் கொடுக்க எத்தனை எண்ணெய் ஊற்ற வேண்டும், எவ்வளவு நேரம் வைக்க வேண்டும், அது உருகி வாணலியில் ஒட்டிக்கொள்ளாதா என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமான விடை இதுதான்: எண்ணெய் ஒரு சொட்டும் வேண்டாம், ஒரு பக்கத்துக்கு ஒன்றிலிருந்து இரண்டு நிமிடம் போதும், எவ்வளவு சூடேற்றினாலும் அது வழிந்து ஓடாது. இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றே என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒன்பது ஆண்டுகளாக ஃபின்லாந்தின் வடபகுதியில் உள்ள ஒவுலு நகரில் வசிக்கிறேன். இந்தப் பாலாடைக்கட்டி எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் நிரந்தரமாக இடம்பிடித்துவிட்டது.

முதலில் பெயர். ஃபின்னிய மொழியில் 'லெய்பா' என்றால் ரொட்டி, 'யூஸ்தோ' என்றால் பாலாடைக்கட்டி. இரண்டும் சேர்ந்து லெய்பாயூஸ்தோ. கைனூ போன்ற பகுதிகளில் சொற்களைத் திருப்பிப் போட்டு யூஸ்தோலெய்பா என்பார்கள். இதில் ரொட்டி எதுவும் கிடையாது. பாலை உறையவைத்து, தெளிநீரை வடித்து, இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள வட்டத் தட்டாக அழுத்தி, அதன்பின் ரொட்டியைப் போலவே நெருப்பில் சுட்டெடுப்பதால் இந்தப் பெயர் வந்தது. பழைய நாளில் அந்தத் தட்டை மரப்பலகையில் வைத்து, அடுப்பின் திறந்த தீக்கு முன்னால் சாய்த்துப் பிடித்துச் சுட்டார்கள்; இப்போது தொழிற்சாலை அடுப்பு அந்த வேலையைச் செய்கிறது. இதற்கு மூன்றாவதாக ஒரு செல்லப்பெயரும் உண்டு: நார்ஸ்குயூஸ்தோ, அதாவது கடிக்கும்போது கிறீச்சிடும் பாலாடைக்கட்டி. அந்தக் கிறீச்சொலிக்குப் பின்னர் வருகிறேன்.

ஆக, உங்கள் கையில் இருப்பது ஏற்கெனவே ஒருமுறை சுடப்பட்ட பண்டம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நேராது. நான் முதல்முறை செய்தபோது இதை அறியாமல், பனீரை வறுக்கும் பழக்கத்தில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, சிறு சதுரங்களாக வெட்டிப்போட்டு, உள்ளே வேகட்டும் என்று மூடியும் போட்டேன். மூடிக்கடியில் தேங்கிய நீராவியில் துண்டுகள் வெளிறி ஊறின. அவற்றிலிருந்து கசிந்த கொழுப்பும் நான் ஊற்றிய எண்ணெயும் கலந்து வாணலியில் குளமாக நின்றது. அதோடு விட்டேனா? விருந்தினர் வருவதற்கு அரைமணி நேரம் முன்னதாகவே எல்லாவற்றையும் வறுத்து அடுக்கியும் வைத்திருந்தேன். அவர்கள் வந்து உட்கார்ந்தபோது தட்டில் இருந்தவற்றைச் சாப்பிடுவதைக் காட்டிலும் பென்சில் எழுத்தை அழிக்கப் பயன்படுத்துவது பொருத்தமாக இருந்திருக்கும். கீழ்வீட்டில் இருந்த, கைனூவில் பிறந்த மூதாட்டி அன்று ஒன்றும் சொல்லாமல் ஒரு துண்டைத் தின்றுவிட்டு, மறுவாரம் என்னைத் தம் சமையலறைக்கு அழைத்து, உலர்ந்த வாணலியில் வாட்டிக் காட்டினார். நான் பின்பற்றுவது அவருடைய முறையைத்தான்.

தமிழில் இந்த வேலைக்கு 'வாட்டுதல்' என்ற சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது. வறுப்பதும் இல்லை, பொரிப்பதும் இல்லை. பொட்டலத்தைப் பிரித்ததும் மேலே ஈரம் படிந்திருக்கும். அதைத் துணியாலோ தாளாலோ ஒற்றி எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியிலேயே வையுங்கள். பிறகு இரண்டு விரல் அகலமுள்ள பட்டைகளாக வெட்டுங்கள். ஒவ்வொரு பட்டையிலும் மேலும் கீழும் பழுப்புத் தோல் இருக்குமாறு நேராக மேலிருந்து கீழே வெட்ட வேண்டும். கனத்தைக் குறுக்கே பிளந்து மெல்லியதாக்கினால் உள்ளே இருக்க வேண்டிய மென்மை போய்விடும். கனமான இரும்பு வாணலியோ தோசைக்கல்லோ ஒட்டாத பூச்சுள்ள தவாவோ எதுவானாலும் சரி, மிதமான தீயில் நன்றாகச் சூடாகட்டும். துண்டுகளை ஒன்றையொன்று தொடாமல் அடுக்கிய பிறகு அவற்றைத் தொடாதீர்கள். முதல் அரை நிமிடம் 'சுர்' என்ற ஓசை வரும். அது வெளியேறும் ஈரத்தின் ஓசை. அது அடங்கும்போது துண்டின் அடி விளிம்பைச் சுற்றி வெண்ணெய்போல ஒரு மினுமினுப்புக் கசிந்து வரும். அதுவே வாட்டுவதற்கான எண்ணெய். பாலின் கொழுப்பு அதற்குள்ளேயே நிறைய இருப்பதால், அது தன் நெய்யிலேயே சிவந்துகொள்கிறது. மினுமினுப்புத் தென்பட்ட பிறகு இன்னும் அரை நிமிடம் பொறுத்துத் தட்டையான கரண்டியால் திருப்புங்கள். அடிப்பக்கம் தேன்நிறமாக இருக்க வேண்டும். மறுபக்கம் இன்னும் சீக்கிரம் ஆகிவிடும்.

பதம் தெரிந்துகொள்ள விரல்தான் கருவி. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தபோது விறைப்பாக இருந்த துண்டு, வாட்டி முடித்ததும் நடுவில் அழுத்தினால் இட்லியைப்போல உள்வாங்கி மீண்டும் எழ வேண்டும். மேற்பரப்பு கருகும் அளவுக்குத் தீயைக் கூட்டினால், தோல் கசந்துவிடும்; உள்ளேயோ குளிர்ச்சி மிச்சமிருக்கும். தீயைக் குறைத்து நீண்ட நேரம் வைத்தால், கொழுப்பும் ஈரமும் முழுவதும் வெளியேறித் துண்டு சுருங்கி இறுகும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தாராளமானது என்பதால், அஞ்ச வேண்டியதில்லை.

இனி, அது ஏன் உருகுவதில்லை? உருகும் பாலாடைக்கட்டிகள், எடுத்துக்காட்டாகப் பீட்சாவின் மேல் போடும் மொஸரெல்லா, நுண்ணுயிர்களாலோ சேர்க்கப்படும் அமிலத்தாலோ ஓரளவு புளிக்கச் செய்யப்பட்டவை. அந்தப் புளிப்பு, கேசீன் என்னும் பால்புரதத்தை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கும் கால்சியத்தில் ஒரு பகுதியைக் கரைத்துவிடுகிறது. பிணைப்புத் தளர்ந்ததால், சூடு பட்டதும் புரத வலை நெகிழ்ந்து நூல்நூலாக இழுபடுகிறது. லெய்பாயூஸ்தோ செய்வதற்குப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களைச் சேர்ப்பதில்லை. இளஞ்சூடான பாலில் ரென்னட் என்னும் உறைநொதியை மட்டும் விட்டு உறையவைக்கிறார்கள். ஆகையால் புளிப்பு ஏறுவதில்லை, கால்சியம் கரைந்து போவதில்லை, வலை இறுக்கமாகவே நிற்கிறது. இந்த நிலையில் சூடேற்றினால் வலை தளர்வதற்குப் பதிலாக மேலும் நெருங்கி உள்ளிருக்கும் ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றுகிறது. தொழிற்சாலையில் சுடும்போதே இது ஒருமுறை நடந்துவிட்டதால், உங்கள் வாணலியில் நடப்பது அதன் தொடர்ச்சியே. பனீரும் உருகாது, ஆனால் அங்கே கதை வேறு. கொதிக்கும் பாலில் எலுமிச்சையோ வேறு புளிப்போ விட்டுத் திரிக்கும்போது கால்சியம் பெருமளவு போய்விடுகிறது, ஆனால் கடும் சூட்டில் தெளிநீர்ப் புரதங்களும் கேசீனோடு ஒட்டிக்கொண்டு, புளிப்பு மிகுதியால் எல்லாம் ஒன்றாகத் திரண்டு நின்றுவிடுகின்றன. அதனால்தான் பனீர் விரலில் உதிர்கிறது, லெய்பாயூஸ்தோ உதிராமல் வளைகிறது.

அந்தக் கிறீச்சொலியும் இதே வலையிலிருந்து வருவதுதான். இறுக்கமான புரதவலை பல்லின் வழவழப்பான பரப்பில் விட்டுவிட்டு உராயும்போது, ஈரமான கண்ணாடியில் விரலைத் தேய்த்தது போன்ற ஓசை காதுக்குள் கேட்கிறது. குளிர்பெட்டியில் நாட்கணக்கில் கிடந்தால் இந்த ஓசை மங்கும். வாட்டினால் திரும்பி வரும். ஆனால் ஆறிவிட்டால் மென்மை போய் வெறும் இறுக்கம் மட்டும் எஞ்சும். ஆகவே இதை முன்கூட்டிச் செய்துவைக்க முடியாது. விருந்தினர் உட்கார்ந்து கையில் கோப்பையை எடுத்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்; ஐந்தே நிமிடத்தில் தட்டு மேசைக்கு வந்துவிடும். தட்டையும் வெந்நீரில் நனைத்துத் துடைத்துவைத்தால் இன்னும் சில நிமிடங்கள் சூடு நிற்கும். முந்நூறு கிராம் வைத்துக்கொண்டு ஆறு பேருக்குத் தொடக்க உணவு தாராளமாகக் கொடுக்கலாம்.

அதன்மேல் என்ன வைப்பது என்பதில் ஃபின்னியர்களுக்கு இரண்டாவது கருத்தே கிடையாது: லக்கா. வடக்கே இதை ஹில்லா என்பார்கள். சதுப்பு நிலத்தில் தண்டுக்கு ஒன்றாக மட்டும் காய்க்கும் இந்தப் பழம், காயாக இருக்கும்போது சிவப்பாகவும் கனிந்தபின் பொன்மஞ்சளாகவும் மாறுவதால், புதிதாகப் பறிக்கப் போகிறவர்கள் சிவப்பைக் கனியென்று எண்ணி ஏமாறுவார்கள், நானும் ஏமாந்தேன். ஜூலை இறுதியிலிருந்து ஆகஸ்ட் வரை, கொசுக்களுக்கு இரத்ததானம் செய்துகொண்டே முழங்கால் செருப்போடு சதுப்பில் நடந்து பறித்த பிறகுதான், கடையில் அதன் சிறு புட்டிக்கு ஏன் அவ்வளவு விலை என்பது எனக்கு விளங்கியது. ஃபின்லாந்தின் இரண்டு யூரோ நாணயத்தில் பொறிக்கப்பட்டிருப்பது இந்தப் பழமே. இதன் புளிப்பு கூர்மையானது, மணம் தேனைப் போன்றது. உப்பு மிகக் குறைவாகவும் பாலின் இனிப்பு மேலோங்கியும் இருக்கும் லெய்பாயூஸ்தோவோடு அது சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடுகிறது. லக்கா ஜாம் கிடைக்காவிட்டால், புளிப்புள்ள ஆரஞ்சு மார்மலேடும், சில சொட்டு எலுமிச்சைச் சாறு கலந்த தேனும் ஓரளவு ஈடுகட்டும். ஸ்ட்ராபெரி ஜாம் வேண்டாம், இனிப்பின்மேல் இனிப்பாகிவிடும். நம்மவர் நாக்குக்காக நான் சில நாட்களில் தேனோடு கரகரப்பாகப் பொடித்த மிளகைத் தூவுவதுண்டு. அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் மிளகாய்த்தூளில் புரட்டி வாட்ட முயன்றபோது, உலர்ந்த வாணலியில் தூள் கருகி வீட்டையே இருமவைத்தது. மசாலா எதுவானாலும் இறக்கிய பிறகுதான்.

சீம்பாலைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. லெய்பாயூஸ்தோவைப் பழங்காலத்தில் ஈன்ற பசுவின் சீம்பாலைக் கொண்டே செய்தார்கள் என்று அந்த மூதாட்டி விவரித்தபோது, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து ஆவியில் வேகவைத்த எங்கள் ஊர்ச் சீம்பால் கட்டிதான் என் கண்முன் வந்தது. சீம்பாலில் புரதம் மிகுந்திருப்பதால் சூடு பட்டவுடன் தானே திரண்டுவிடும். இவர்கள் அதைத் தீயில் சுட்டு, பிறகு உலர்த்திப் பல ஆண்டுகள்கூடச் சேமித்தார்கள். மரக்கட்டைபோல் இறுகிய அந்தத் தட்டைத் தின்பதற்கு முன் மீண்டும் நெருப்பில் காட்டி இளக்கினார்கள். ஆக, இன்று நாம் வாணலியில் வாட்டுவது புதிய நாகரிகச் செய்கை இல்லை. வடக்கில் கலைமான் பாலிலும் இதைச் செய்ததுண்டு. இன்று கடையில் கிடைப்பது பெரும்பாலும் சாதாரணப் பசும்பாலில் ஆனதே.

சைவ உணவு உண்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரென்னட் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படலாம், நுண்ணுயிரிலிருந்தும் எடுக்கப்படலாம். ஃபின்னியப் பொட்டலங்களில் உறைநொதியை 'யுஒக்சுதே' என்று அச்சிட்டிருப்பார்கள். அதற்கு முன்னால் நுண்ணுயிரைக் குறிக்கும் 'மிக்ரோபி' என்று தொடங்கும் சொல் இருந்தால் கவலையில்லை.

இது தீர்ந்தபிறகு மீண்டும் எங்கே வாங்குவது என்ற கேள்விக்கு, நீங்கள் எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே விடை. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில் இதைச் செய்து, ரொட்டிப் பாலாடைக்கட்டி என்ற பொருளுள்ள ஆங்கிலப் பெயரில் விற்கிறார்கள். மற்ற இடங்களில் சைப்பிரஸின் ஹலூமி ஓரளவு நெருங்கிய உறவு: அதுவும் ரென்னட்டில் உறைந்தது, அதுவும் உருகாது, அதுவும் கிறீச்சிடும். ஆனால் உப்புநீரில் ஊறியதாகையால் உப்பு தூக்கலாக இருக்கும். வெட்டிய துண்டுகளை அரைமணி நேரம் நல்ல தண்ணீரில் போட்டுப் பிறகு ஒற்றி எடுத்து வாட்டினால் ஜாமோடு சேரும். பனீரை மாற்றாக நான் பரிந்துரைக்க மாட்டேன். சுவை பக்கத்தில் வந்தாலும் பல்லுக்குக் கிடைக்கும் அந்த இழுவை வராது.

தட்டில் துண்டுகள் மீந்துபோனால் தூக்கியெறியாதீர்கள். சிறு சதுரங்களாக வெட்டிக் கோப்பையின் அடியில் போட்டு, மேலே சூடான கறுப்புக் காப்பியை ஊற்றுங்கள். வடக்கு ஃபின்லாந்திலும் எல்லைக்கு அப்பால் ஸ்வீடனின் தூர்னே பள்ளத்தாக்கிலும் இப்படித்தான் குடிக்கிறார்கள். காப்பி குடித்து முடிக்கும் வேளையில், கசப்பை உறிஞ்சி மெத்தென்று ஊறிய துண்டுகளைக் கரண்டியால் எடுத்துத் தின்னலாம். இதற்கு வாணலிகூடத் தேவையில்லை.