ஓவியம் வாங்குமுன்: கேள்வி-பதில்

கே: கூடத்தில் மாட்ட உருவ ஓவியமா (ஆள், பொருள் அடையாளம் தெரிவது), அருவ ஓவியமா (வெறும் நிறமும் கோடும்)? எது பின்னால் விலை ஏறும்? (சேலம்)

ப: விலை ஏற வேண்டுமென்றால் தங்கம் வாங்குங்கள்.

கே: ‘கையால் வரைந்த அக்ரிலிக்’ என்று அருவ ஓவியம் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். அதே படம் நண்பர் வீட்டிலும் இருக்கிறது, தெறித்த புள்ளிகூட மாறாமல். (கோவை)

ப: உங்கள் மேல் தப்பில்லை; விற்றவர் ஏமாற்றியிருக்கிறார். கான்வாஸில் அச்சடித்து, மேலே நிறமில்லாத ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிடுவார்கள். தடவினால் மேடுபள்ளம் கையில் படும், நம்பிவிடுவோம். (என் வீட்டிலும் ஒன்று உண்டு, பீரோவுக்குப் பின்னால்.) முகம் வரைந்த படத்தில் மூக்கின் குறுக்கே தூரிகைத் தடம் ஓடினால் உடனே உறுத்தும். அருவத்தில் எந்தத் தடம் எங்கே போக வேண்டும் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் இந்தப் பித்தலாட்டம் அங்கே கொழிக்கிறது.

செல்போன் டார்ச்சைப் படத்தின் ஓரத்தில், சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடியுங்கள். சிவப்பு முடிந்து நீலம் தொடங்கும் இடத்தில் மேடும் மாற வேண்டும். ஒரே தடம் இரண்டு நிறத்தையும் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தால் அச்சு என்று சந்தேகப்படலாம். 10 மடங்கு லென்ஸில் பொடி மைப்புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

பில்லில் ‘கையால் வரைந்தது’ என்று இருக்கிறதா? முதலில் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது.

கே: வாங்கிய அருவ ஓவியத்தில் எது மேல்பக்கம் என்றே தெரியவில்லை. (தஞ்சை)

ப: வரைந்தவரிடம் கேட்டுப் பின்புறம் அம்புக்குறி போடச் சொல்லுங்கள். வெட்கம் வேண்டாம். 1961-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் பிரெஞ்சு ஓவியர் மாத்தீஸின் ‘படகு’ என்ற படம் 47 நாள் தலைகீழாகத் தொங்கியது.

கே: அப்பாவின் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைக் கொடுத்து எண்ணெய் வண்ணத்தில் வரையச் சொன்னேன். முழுப் பணமும் கொடுத்தாயிற்று. சாயலே இல்லை. (மதுரை)

ப: முழுப் பணத்தை யார் முன்னாலேயே கொடுக்கச் சொன்னது? பென்சில் கோட்டுப்படம், அடிவண்ணம், முடிந்த படம் என்று மூன்று தவணை. சாயல் கோட்டுப்படத்திலேயே தவறிவிடும்: கண்களுக்கு இடையே உள்ள தூரம், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் உள்ள இடைவெளி. திருத்தச் சொல்லுங்கள், எண்ணெய் வண்ணத்தில் முடியும். அவசரப்பட்டு வார்னிஷ் அடிக்க விடாதீர்கள், வண்ணம் உள்ளே காய 6 மாதமாவது ஆகும்.

கே: பெரிய கேலரியில் வாங்கினால் பயமில்லைதானே? (சென்னை)

ப: நியூயார்க்கின் நோட்லர் கேலரி 1846-ல் தொடங்கியது. அமெரிக்க அருவ ஓவியர்கள் ராத்கோ, பொல்லாக் பெயர்களில் அது விற்ற பல படங்கள் அதே ஊரின் குவீன்ஸ் பகுதியில் ஒருவர் வரைந்த போலிகள், 2011-ல் மூடினார்கள். பொல்லாக் இறந்தது 1956-ல். 17 மில்லியன் டாலருக்குப் போன ‘பொல்லாக்’ படத்திலோ அதற்குப் பிறகு சந்தைக்கு வந்த நிறமி இருந்தது. உருவ ஓவியம் வாங்கியவரும் தப்பவில்லை: ஜெர்மன் ஓவியர் காம்பெண்டாங்க் பெயரில், 1914 என்று தேதியிட்டு விற்ற போலிக் குதிரைப் படத்தில் அப்போது விற்பனைக்கே வராத டைட்டானியம் வெள்ளை என்ற நிறமி. படம் யார் யார் கைமாறி வந்தது என்று எழுதிக் கேளுங்கள். ‘பெயர் சொல்ல விரும்பாத ஒரு சேகரிப்பாளர்’ என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.