ஏழே எண்களுக்குச் சராசரி போதுமா?

மொரீஷியஸின் ரோஸ் ஹில்லில் காவடி அன்னதானத்துக்கு ஏழு குடும்பங்கள் தந்த நன்கொடையை எப்படிச் சுருக்கிச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் தந்த தொகைகள், ஏறுவரிசையில்: 200, 250, 250, 300, 400, 500, 3000 ரூபாய்.

கூட்டினால் 4900, ஏழால் வகுத்தால் சராசரி 700. ஆனால் ஆறு குடும்பங்கள் 700-க்குக் கீழேதான் கொடுத்திருக்கின்றன! அந்த ஒரு 3000 சராசரியை மேலே இழுத்துவிட்டது. வரிசையில் நடுவே, நான்காவதாக நிற்கும் 300 தான் இடைநிலை. அடுத்த ஆண்டு வீடு வீடாக எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். 3000-ஐ நீக்கிப் பாருங்கள்: சராசரி சுமார் 317-க்குச் சரிகிறது, இடைநிலையோ 275-க்குத்தான் இறங்குகிறது.

அதிக முறை வரும் தொகையான முகடு 250; மிகப் பெரிய தொகைக்கும் மிகச் சிறிய தொகைக்கும் உள்ள வித்தியாசமான வீச்சு 2800. ஏழே எண்களில் முகட்டைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொகைகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஒவ்வொரு தொகையிலிருந்தும் 700-ஐக் கழித்து, வர்க்கப்படுத்திக் கூட்டினால் 62,35,000. இதில் 52,90,000 அந்த ஒரே நன்கொடையால் வந்தது. கொடுத்தவர்கள் இந்த ஏழு பேர் மட்டும்தான் என்றால் 7-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்கள்: சுமார் 944. ஊரார் எல்லாரையும் கணிக்க எடுத்த மாதிரிக்கூறு (sample) மட்டுமே இவர்கள் என்றால் 6-ஆல் வகுக்க வேண்டும், அப்போது சுமார் 1019.